துண்டுக்கு அடியில் மூன்று விரல்

மனுஷ உயிருக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் கடைத்தெருவில் நின்று எதையும் வாங்கியிருக்க மாட்டார்கள். விலை உண்டு. புதுச்சேரி தரகர் தெருவில் ஐந்தில் ஆரம்பித்து மூன்றில் முடிந்தது. பேசி முடித்தவன் நெல்லித்தோப்பு கலியபெருமாள். முடித்த கையோடு, நம்மைப் போலப் பேரம் பேச ஊரில் ஆள் இல்லை என்று அவன் மீசையைத் தடவிக்கொண்டான். அதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாத இடம்.

கலியபெருமாளுக்குத் தொழில் வீடு இடிப்பது. பழைய வீட்டை மொத்தமாக விலை பேசுவான். தேக்குத் தூண், உத்தரம், கதவு, ஜன்னல், தரைக்கல் எல்லாவற்றையும் பிரித்து விற்பான். மண்ணைச் சமன்பண்ணி மனையை ஒப்படைப்பான். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷமாகியிருந்த 1958-ல் புதுச்சேரியில் அதைவிட நல்ல தொழில் இல்லை. இறக்கிய கொடியை மடித்தவர்களைவிட வேகமாக வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரம் பதிகிற நொத்தேரிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் பலபேர்.

தரகர் தெரு அப்படி அநாதையான தெரு. கப்பல் காலத்தில் நீலத்துணி வாங்கி விற்ற தரகர்கள் கட்டியது. அவர்களுடைய பேரன்கள் சைகோனுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய், அந்தப் பணத்தில் மாடி எழுப்பினார்கள். அந்தப் பேரன்களின் பிள்ளைகளுக்கு இப்போது பாரீசில் குளிர்கிறதாம், பணம் வேண்டுமாம். துறைமுகத்தில் சுங்கம் வந்த பிறகு கைக்கடிகாரமும் சீமைச்சரக்கும் விற்றுப் பிழைக்க வழியில்லாத வியாபாரிகள் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து தெருவையே வாங்கினார்கள். கீழே கடை, மேலே லாட்ஜ் என்று திட்டம். வடசிறகு, அதாவது வடக்கு வரிசை, முழுக்கக் கலியபெருமாளின் கடப்பாரைக்கு விழுந்தாகிவிட்டது. விழாமல் நின்றது அவர்கள் வாங்காமல் விட்ட ஒரே வீடு.

அந்த ஒரு மனையை அவன் யாருக்கும் விடுவதாக இல்லை. இத்தனை வருஷம் அடுத்தவனுக்கு மனை சுத்தம் பண்ணிக் கொடுத்தவன், தனக்கென்று ஒரு கடை போட ஆசைப்பட்டான். பெண்டாட்டி ஆதிலட்சுமியின் நகை மார்வாடி கடையில் இருந்தது. ஆதிலட்சுமி மாசமாக இருந்தாள். தவமாய்த் தவமிருந்து, இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் தங்கியிருந்தது. பிள்ளை பிறக்கும்போது அதற்குச் சொந்தமாக ஒரு கூரை, கூரைக்குக் கீழே ஒரு கல்லாப்பெட்டி. அவ்வளவுதான் அவன் கேட்டது.

பங்குனி வெயில். புதுச்சேரி முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மத்தியான நேரம். தெருவில் காக்கை கூட இல்லை. கலியபெருமாள், தம்பி பலராமன், மேஸ்திரி சாமிக்கண்ணு மூன்று பேரும் அந்த வீட்டின் முன்னால் நின்றார்கள். கதவைத் திறந்தவள் வீட்டைக் காவல் காக்கும் அகஸ்டினா. நரைத்த கொண்டை, கழுத்தில் செபமாலை.

"வாங்க. செருப்ப வாசல்லியே வுடுங்க."

"இடிக்கப்போற வூட்டுக்கு இன்னாம்மா செருப்பு மரியாத?" என்றான் பலராமன்.

"இடிக்கிற வரைக்கும் வூடுதானே தம்பி."

உள்ளே முற்றம். முற்றத்தின் நடுவில் கிணறு. அதன் வாயைத் தேக்குப் பலகையால் மூடி, குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டிருந்தது. கலியபெருமாள் கிட்டே போனான். ஒரு வாடை வந்தது. சாக்கடை நாற்றம் இல்லை. நீலச் சாயம் எடுக்க அவுரிச் செடியைத் தொட்டியில் ஊறப்போட்டு அழுக விட்டால் வருமே, அந்த வாடை. இந்த ஊரில் அவுரி ஊறப்போட்டு எத்தனையோ காலமாயிற்று.

"கிணத்துக்குத் தனியா வெலை பேசணும்," என்றாள் அகஸ்டினா.

"வூட்டோட சேந்ததுதானேம்மா?"

"வூடு அவங்களது. கிணறு அவங்களது இல்ல."

"பின்ன யாரோடது?"

அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

"கிணத்துக்குத் தனி வெலையாம். தண்ணிக்குத் தனி, தவளைக்குத் தனியா கேளுண்ணா," என்று சிரித்தான் பலராமன். அவனும் சாமிக்கண்ணுவும் உத்தரங்களைத் தட்டிப் பார்க்க மாடிக்கு ஏறினார்கள்.

கலியபெருமாள் கூடத்துக்குள் போனான். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "உக்காருங்க மெசியே," என்று பிரெஞ்சுக்காரர் போல மரியாதை வைத்து அல்போன்சின் குரல் மட்டும் கேட்டது. அல்போன்ஸ் வீட்டுக்காரரின் அதிகாரப் பத்திரம் வைத்திருந்தவர். எந்த வெயிலிலும் வெள்ளைக் கோட்டைக் கழற்றாத மனுஷன். பெஞ்சின் மறுகோடியில் வெள்ளையாக ஒரு உருவம் தெரிந்தது. கலியபெருமாள் இந்தக் கோடியில் உட்கார்ந்து தோளில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டை எடுத்தான்.

அவன் அப்பா மதகடிப்பட்டு சந்தையில் மாட்டுத் தரகர். மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் சேரும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கலியபெருமாள் அதே வழக்கத்தை வீட்டு வியாபாரத்துக்கும் கொண்டுவந்திருந்தான். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விரல் நூறா ஆயிரமா என்று முதலில் வாய்விட்டுக் கணக்கு சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் துண்டு விழும். சொல்லாமல் கை நீட்டியவனைச் சந்தையில் பைத்தியக்காரன் என்பார்கள்.

அன்றைக்கு வெயில். தாகம். அகஸ்டினா பேச்சில் ஏற்பட்ட எரிச்சல் வேறு.

"கிணத்துக்குத் தனி வெலையாமே. மொதல்ல அத்த முடிச்சுடுவோம் மெசியே," என்று துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டான்.

அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்தது.

ஈரமான கை. இப்போதுதான் கழுவிவிட்டு வந்தது போல. பங்குனி மாசத்தில் அப்படியொரு குளிர்ச்சி. அது கலியபெருமாளின் கையை மொத்தமாகப் பிடித்தது.

ஐந்து.

கலியபெருமாள் மனசுக்குள் சிரித்தான். பாழுங்கிணற்றுக்கு ஐந்நூறா! இரண்டு விரலைப் பிடித்தான். அந்தக் கை உதறியது. நாலைப் பிடித்தது. கலியபெருமாள் எழுந்து போகிறவன் போலக் கையை இழுத்தான். அது விடவில்லை. துரைமார் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு இந்தப் பிடி எங்கே கிடைத்தது என்று அவனுக்கு ஆச்சரியம். நகத்தால் உள்ளங்கையைக் கீறி, நிதானமாக, மூன்று விரலைப் பிடித்தது.

மூன்று. கலியபெருமாள் அழுத்தினான். முடிந்தது.

"நல்லாத்தான் பேசறீங்க மெசியே. மாட்டுச் சந்தைக்கு வந்தா எங்கள எல்லாம் ஊட்டுக்கு அனுப்பிடுவீங்க."



பின்னால் கதவு திறந்தது. வெளிச்சம் கூடத்துக்குள் விழுந்தது. கதவில் வெள்ளைக் கோட்டோடு அல்போன்ஸ் நின்றார். கையில் சாவிக்கொத்து.

"மன்னிக்கணும் மெசியே. இந்தச் சாவிய எங்க வெச்சேன்னு தேடி... ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேனா? ஆரம்பிக்கலாமா?"

பெஞ்சின் மறுகோடியில் யாரும் இல்லை.

துண்டு நனைந்திருந்தது. நனைந்த இடத்தில் நீலமாக ஒரு கறை.

வியாபாரி பயந்தாலும் முகத்தில் காட்ட மாட்டான். கலியபெருமாள் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வீட்டு விலையை வாயாலேயே பேசி முடித்தான். "கிணத்துக்கு?" என்று கேட்டதற்கு அல்போன்ஸ் சிரித்தார். "கிணத்துக்குத் தனியா யாராவது வெலை கேப்பாங்களா?"

வாசலில் செருப்பைப் போடும்போது அகஸ்டினா நின்றிருந்தாள்.

"பேசுனீங்களா?"

"பேசுனேன். மூணுக்கு முடிஞ்சுது."

"மூணு... இன்னா?"

கலியபெருமாள் வாயைத் திறந்தான். நூறா, ஆயிரமா என்று தான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னாவோ மூணு," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

*

முதல் வாரம் ஓடு பிரித்தார்கள். இரண்டாவது வாரம் மாடிக் கூடத்தின் உத்தரங்கள். பர்மாத் தேக்கு, ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற கனம். சாமிக்கண்ணுவுக்கு அது கைவந்த வேலை. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, சுவரிலிருந்து நெம்பி, பிள்ளையை இறக்குவது போல இறக்குவான். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஒன்றை இறக்கிவிடலாம் என்று சுவர்மேல் உட்கார்ந்து கடப்பாரையை விட்டான்.

"மொதலாளி, கீழ யாரு?" என்று கத்தினான்.

"எங்கடா?"

"எனக்குக் கீழ. காலத் தொட்டுக்கினே கீறானே, யாரு அது?"

கீழே கலியபெருமாளைத் தவிர ஆள் இல்லை. அவன் நின்றது முற்றத்தில், கிணற்றுப் பக்கம்.

சாமிக்கண்ணு குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் அவன் விழவில்லை. விழுகிறவன் கையைக் காலை உதறுவான், எதையாவது பிடிப்பான். சாமிக்கண்ணுவை யாரோ கணுக்காலைப் பிடித்து இழுத்தது போல நேராகக் கீழே போனான். தரையில் மோதிய சத்தம் வந்தது. அதற்குப் பிறகு, அவசரமில்லாமல், உத்தரம் சுவரிலிருந்து கழன்று அவன் மார்மேல் இறங்கியது. முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது. வாயிலிருந்து ரத்தம் குமிழ் குமிழாக வந்தது. கலியபெருமாளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். சொல்ல மூச்சு இல்லை.

ஓடிவந்த கூலியாட்கள் எட்டுப் பேர் சேர்ந்து உத்தரத்தைத் தூக்கினார்கள். கலியபெருமாள் கணுக்காலைப் பார்த்தான்.

ஐந்து விரலும் பதிந்த நீலத் தடம்.

வேட்டி நுனியை இழுத்து அதை மூடினான். யாரும் பார்க்கவில்லை. சாமிக்கண்ணுவின் வீட்டில் கையிலிருந்ததைக் கொடுத்தான். வேலையை ஒரு வாரம் நிறுத்தினான். அதற்குமேல் நிறுத்த முடியாது, நகை மார்வாடியிடம் வட்டி தின்றுகொண்டிருக்கிறது. இடிக்கிற தொழிலில் ஆள் சாவது உண்டு என்று சொல்லிக்கொண்டான். நீலத் தடத்தைப் பற்றித் தனக்குத் தானே ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

சுவரெல்லாம் தரைமட்டமானது. நின்றது கிணறு மட்டும். கிணற்றின் உள்சுவர் கருங்கல். ஒவ்வொரு கல்லும் காசு. மேலே நாலு சுற்றுக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்று பலராமன் சொன்னான். கூலியாட்கள் கிணற்றுப் பக்கம் வர மறுத்தார்கள்.

"நான் இறங்கறேண்ணா. எத்தினி கிணறு பாத்திருக்கோம்."

"வேணான்டா."

"வேணாம்னா கல்ல வுட்டுடலாமா? மார்வாடிகிட்ட கீற அண்ணி கம்மல மூட்ட வேணாமா?"

சங்கிலியை அறுத்துப் பலகையை விலக்கி, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். மத்தியான சூரியன் நேராகக் கிணற்றுக்குள் விழுந்து, அடியில் தண்ணீர் தெரிந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் நீலமாக இருந்தது. பலராமன் ஒரு கல்லை நெம்பினான். பாட்டு முணுமுணுத்தான். பாட்டு பாதியில் நின்றது.

"ண்ணா. தூக்கு."

குரலில் விளையாட்டு இல்லை. கலியபெருமாள் கயிற்றை இழுத்தான். இறுக்கிக் கட்டிய புதுக் கயிறு, முறுக்கவிழ்ந்த நூல் மாதிரி கையோடு வந்துவிட்டது. பலராமன் ஒரு கல் இடுக்கில் தொற்றிக்கொண்டு மேலே கையை நீட்டினான். கலியபெருமாள் குப்புறப் படுத்து அந்தக் கையைப் பிடித்தான். பிடி கிடைத்தது. தம்பியின் கை, சூடான கை.

கீழேயிருந்தும் யாரோ பிடித்தார்கள்.

இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பலராமன் அலறினான். தோள்பட்டை கழன்ற சத்தம் கலியபெருமாளுக்குக் கையிலேயே கேட்டது. "வுடாதண்ணா, வுடாத," என்றான். கலியபெருமாள் விடவில்லை. தன் நெஞ்சு கல்லில் தேய்ந்து ரத்தம் கசிய, அவன் விடவில்லை. ஆனால் தம்பியின் விரல்கள் அவன் கைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவப்பட்டன. யாரோ நிதானமாக எண்ணி எடுப்பது போல.

ஐந்து. நாலு.

மூன்று.

இரண்டு.

ஒன்று.

பலராமன் போகிற வழியில் எதிர்ச்சுவரில் தலை மோதியது. தேங்காய் உடைகிற சத்தம். தண்ணீரில் விழுந்த சத்தம் வரவே இல்லை.

*

உடம்பு மறுநாள் தானாக மேலே வந்தது. பாதி முகம் இல்லை. மிச்சப் பாதி நீலமாக இருந்தது.

சாவு வீட்டுக்கு அகஸ்டினா வந்தாள். கலியபெருமாளைப் பந்தலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசினாள்.

"கப்பல் காலத்துல அந்த வூட்டுல ஒரு பெரிய தரகர். சாயக்காரங்க அஞ்சு பேரு அவருக்கு நீலத்துணி குடுத்திருக்காங்க. துண்டு போட்டு வெலை பேசியிருக்காரு. துணி கப்பல் ஏறினதும், நான் கணக்கே சொல்லல, விரல் பத்துன்னுதான் புடிச்சேன்னு சாதிச்சுட்டாரு. அஞ்சு பேரும் நியாயம் கேக்க வந்தாங்க. சோறு போட்டாரு. அதுக்கப்பறம் அந்த அஞ்சு பேர யாரும் பாக்கல. காலையில கிணத்துத் தண்ணி நீலமா இருந்துச்சாம்."

"அந்தத் தரகரு?"

"அவர் கை மட்டும் கெடைச்சுதாம். துண்டுல சுத்தி." அகஸ்டினா செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். "கிணத்த மூடலாம்னு எத்தினியோ பேரு வந்தாங்க ஐயா. பேசிப் பாத்துட்டு, கட்டாதுன்னு எழுந்து போயிட்டாங்க. முடிச்சவரு நீங்க ஒருத்தர்தான்."

ஐந்து கேட்டதை மூன்றாக்கினோம். சாமிக்கண்ணு ஒன்று. பலராமன் இரண்டு.

வீட்டுக்குள் ஆதிலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஏழாம் மாச வயிறு. அவனைப் பார்த்ததும் ஈரக்கையை நீட்டினாள்.

"ஏங்க, இது இன்னான்னு பாருங்க. காலையிலேருந்து தேச்சுத் தேச்சுக் கழுவறேன், போவ மாட்டேங்குது."

அவள் மணிக்கட்டைச் சுற்றி நீலமாக ஐந்து விரல்.

கலியபெருமாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது அவன் முழங்கையில் பட்டது. இந்த ஒன்றைக் கொடுத்தால் இரண்டு போகும். ஒன்றென்று பேசி இரண்டை எடுப்பது கணக்குத் தப்பிய வியாபாரம். அதை எப்படி விடுவது?

மறுநாள் மத்தியானம் தனியாகப் போனான். தெரு முழுவதும் இடிபாடு, வெள்ளை வெயில். கிணற்றின் ஓரத்தில் குப்புறப் படுத்தான். நீலக்கறை பட்ட அதே துண்டைக் கிணற்று வாயில் விரித்து, வலது கையை அடியில் விட்டான். பக்கத்தில் சாமிக்கண்ணுவின் உளியும் சம்மட்டியும் கிடந்தன.

"கணக்கு சொல்லாத பேரம் செல்லாது," என்றான் இருட்டைப் பார்த்து. "எந்தச் சந்தையில வேணா கேட்டுப் பாரு. ஏமாத்தினேன்னு சொல்லாத. பாக்கி ஒண்ணு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இன்னா ஒண்ணுன்னு நாம பேசவே இல்ல."

தண்ணீர் எங்கோ அசைந்தது.

அவுரி வாடை மூக்கை அடைத்தது.

கை வந்தது. ஒரு விரலைப் பிடித்தது. பாக்கி ஒன்று.

"ஒண்ணுதான். இந்தத் தடவ கணக்கு நான் சொல்றேன். வாய்விட்டுச் சொல்றேன், கேட்டுக்க. விரல் கணக்கு. ஒரு விரல்."

முதுகில் வெயில் எரிந்தது, கை விறைத்தது. பிறகு அந்தக் கை அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பானே, அந்த மாதிரி. கட்டைவிரலை விட்டது. ஆள்காட்டி விரலை, நடுவிரலை விட்டது. மோதிர விரலில் நின்றது. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட பச்சைக்கல் மோதிரம் அதில் இருந்தது. அழுத்தியது.

முடிந்தது.

கலியபெருமாள் கையை வெளியே எடுத்துக் கல்லின்மேல் வைத்தான். இரண்டு முழங்காலுக்கும் நடுவே உளியை விரல் அடியில் நிறுத்திப் பிடித்து, இடது கையால் சம்மட்டியைக் குட்டையாகப் பிடித்து அடித்தான். முதல் அடியில் எலும்பு நொறுங்கியது, விரல் போகவில்லை. தோலில் தொங்கிற்று. கத்தினான். பக்கத்துத் தெருவில்கூட ஒரு கதவும் திறக்கவில்லை. இரண்டாவது அடி. அப்புறம் இன்னொன்று. விரல் மோதிரத்தோடு தனியாக உருண்டது. ரத்தம் கல்லில் ஓடிக் கிணற்றுக்குள் சொட்டியது. விரலைத் துண்டில் சுற்றி உள்ளே போட்டான்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டு வீடு வந்தபோது ஆதிலட்சுமியின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த நாள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, வண்டி வண்டியாக மண் கொட்டிக் கிணற்றைத் தூர்த்தான். ஆடியில் பெண் பிறந்தது. ராஜாம்பாள் என்று பெயர் வைத்தான்.

*

1962. ஆகஸ்ட் மாசம் ஒப்பந்தம் எல்லாம் முடிந்து, ஊர் சட்டப்படியும் கைமாறியது. கப்பல் ஏறாமல் இழுத்துக்கொண்டிருந்த மிச்சப் பேரும் மூட்டை கட்டினார்கள். தரகர் தெருவுக்கு இப்போது வேறு பெயர். இரண்டு சிறகிலும் சிமெண்டுக் கடைகள், மேலே லாட்ஜ், ராத்திரியானால் டியூப்லைட். நீலத்துணியைப் பற்றிக் கேட்டால் எதிர்க்கடை நைலான் வியாபாரி சிரிப்பான்.

கலியபெருமாளின் கடை நடுவில். சிமெண்டு மூட்டை, பழைய கதவு, ஜன்னல். பேரமெல்லாம் வாயால்தான். தோளில் துண்டு போடுவதை அவன் விட்டுவிட்டான். வியர்த்தால் சட்டைக் கையில் துடைத்துக்கொள்வான். கடைத் தரையில் ஒரு குறைதான். உள்ளறையில் வட்டமாக ஒரு ஈரம். எத்தனை தடவை சிமெண்டு பூசினாலும் ஒரு மழைக்குள் நீலமாகப் பூத்துவிடும். அதன்மேல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தான்.

மத்தியானம். ஆதிலட்சுமி சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாயைப் போட்டுத் தலை சாய்த்திருந்தாள். தெருவில் கதவெல்லாம் அடைத்துக் கிடந்தது. உள்ளறையில் ராஜாம்பாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கிற சிரிப்பு.

எட்டிப் பார்த்தான். பிள்ளை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது. மடியில் ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் அதன் சின்னக் கை.

சிவப்புக்கரைத் துண்டு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"பாப்பா, ஏது இந்தத் துண்டு?"

"மாமா குடுத்தாரு."

"எந்த மாமா?"

ராஜாம்பாள் எதிரே இருந்த சுவரைக் காட்டியது. அங்கே யாரும் இல்லை.

"வெளையாடறோம்ப்பா. அவரு விரலப் புடிப்பாரு, நானும் புடிக்கணும். மாமா கை ஜில்லுன்னு கீதுப்பா. ஒரு விரல்ல பச்சைக்கல்லு மோதிரம் போட்டிருக்காரு. அந்த விரல் மட்டும் உன்து மாதிரி கறுப்பா, குண்டா கீது."

கலியபெருமாள் மண்டியிட்டான். வலது கையின் நாலு விரலால் பிள்ளையின் தோளைப் பிடித்தான்.

"எத்தினி... எத்தினி புடிச்சாரு?"

"ரெண்டு. நான் சரின்னு அமுக்கிட்டேன்."

அவனுக்குப் பிடிக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

"கணக்கு? கணக்கு சொல்லலதானே கண்ணு? கணக்கு சொல்லலன்னா அது செல்லாது. சொல்லலதானே?"

"சொன்னாரேப்பா," என்றது பிள்ளை. "தலைக் கணக்குன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. உங்க அப்பாகிட்ட மறக்காம சொல்லுன்னாரு."

மூட்டைகளுக்கு அடியிலிருந்து நீலமாக ஒரு ஈரம் கிளம்பி, மெதுவாக, ஆதிலட்சுமி படுத்திருந்த பாயை நோக்கி ஓடியது.

பிறவி வியாபாரி. அந்த நிமிஷத்திலும் அவன் மனசு தன்பாட்டுக்குக் கூட்டிப் பார்த்தது.

கேட்டது ஐந்து.

கொடுத்தது, தலை இரண்டு, விரல் ஒன்று.

பேசிக் குறைத்தது இரண்டு. அதுதான் இப்போது பாக்கி.

கடைக்குள் இருந்தது மூன்று பேர்.